மூக்கு பிளாஸ்திரி சார்

மூக்கு பிளாஸ்திரி சார், மூக்கடைப்புக்கு மூக்கின் மேல் ஒட்டிக்கொள்கிற பட்டைப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். மெடிக்கல் ஷாப்பில் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

"தம்பி, கண்ணாடி மாதிரி இருக்கறதா, தோல் கலர்ல இருக்கறதா, எது நல்லது?"

"ரெண்டும் ஒரே ரேட்டுதான் சார்."

"ரேட்டு கேக்கலப்பா. யாரு தோலுன்னு கேக்கறேன்."

நியாயமான கேள்விதான். அந்தப் பெட்டியில் போட்டிருக்கும் தோல் நிறத்தில் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு ஜீவன் கிடையாது. மீன் மார்க்கெட்டிலிருந்து மே தினப் பூங்கா வரை தேடினாலும் அகப்படாது. ஆனால் காய்ச்சல் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் பின்னால் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வியா?

அடுத்தது சைஸ். மூக்குக்கு மீடியம், லார்ஜ் என்று எவன் வகுத்தான் என்று அவருக்குக் கோபம். சட்டைப் பையிலிருந்து தையற்காரர் டேப் வெளியே வரும். மூக்குத் தண்டுக்கு மேலாக இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை அளப்பார். கடைப் பையனைச் சாட்சி வைத்து இன்னொரு தடவை அளப்பார். இரண்டு அளவும் ஒத்துப்போகாது. பேசிக்கொண்டே அளந்தால் எப்படி ஒத்துப்போகும்? பிறகு மென்தால் போட்டதா, போடாததா. பிறகு எண்ணெய் வழிகிற மூக்கில் எது நிற்கும். எல்லாம் முடிந்து, "பாராசிட்டமால் வெட்டற மாதிரி ரெண்டே ரெண்டு வெட்டிக் குடு, ஒட்டிப் பாத்துட்டு வரேன்."

"பொட்டியாத்தான் சார் வரும். பிரிச்சா ரிட்டன் கெடயாது."

பெட்டி அலமாரிக்குத் திரும்பிவிடும். சார் திரும்பமாட்டார். கன்னப் பரிசோதனை பாக்கி இருக்கிறதே!

காது மூக்கு தொண்டை டாக்டர்கள் செய்கிற காட்டல் சோதனை என்று ஒன்று உண்டு. கன்னத்தை விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டும். சுலபமாக வந்தால், மூக்கின் வாசலை ஒட்டிய குறுகலான இடத்தில்தான் தடை. பிளாஸ்திரியின் வேலையும் அந்த இழுப்புதான். அதில் மருந்து எதுவும் இல்லை. உள்ளே வைத்திருக்கும் பிளாஸ்டிக் பட்டையை மூக்கின் மேல் வளைத்து ஒட்டுகிறோம். அது நிமிரப் பார்க்கிறது. அந்த வேகத்தில் மூக்கின் பக்கச் சுவர்களை வெளியே இழுக்கிறது. அவ்வளவே.

சார் இதை எங்கேயோ படித்துத் தொலைத்தார். அன்று முதல் தெருவில் ஒருவர் கன்னத்துக்கும் உத்தரவாதம் இல்லை. இஸ்திரிக்காரர், பேப்பர் போடும் பையன், பறக்கும் ரயில் டிக்கெட் வரிசையில் முன்னால் நிற்கும் முன்பின் தெரியாதவர் என்று எல்லார் கன்னத்தையும் இழுத்தாகிவிட்டது. பெண்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். அந்த அளவுக்கு விவரம் உண்டு. என் கன்னத்தையும் ஒரு சாயங்காலம் பிடித்து இழுத்தார்.

"இப்ப சொல்லுங்க. வித்தியாசம் தெரியுதா?"

தெரிந்தது. கூவம் தெரிந்தது. 1734-இல் ஆறு வளைகிற இடம் பார்த்து நெசவாளர்களை இங்கே குடிவைத்தபோது தண்ணீர் எப்படி மணந்ததோ, இன்றைக்கு இந்தப் பேட்டையில் மூக்கடைப்பு ஒரு வரம். மனுஷன் அதைக் காசு கொடுத்து நீக்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

பிளாஸ்திரி வேலை செய்யுமா என்று சந்தேகப்பட்டால் குதிரைக் கதை வரும். கலிஃபோர்னியா குரோம் என்ற பந்தயக் குதிரை 2014-இல் மூக்கில் பட்டை ஒட்டிக்கொண்டு அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களில் முதல் இரண்டை ஜெயித்தது. மூன்றாவது நியூயார்க்கில். அங்கே அதுவரை பட்டைக்குத் தடை. இந்தக் குதிரைக்காக அனுமதி கொடுத்தார்கள். "குதிரைக்கே குடுத்தான் சார்!" என்பார் கண் கலங்க. அந்த மூன்றாவது பந்தயத்தில் குதிரை நான்காவதாக வந்ததை மட்டும் யாராவது எடுத்துச் சொன்னால், "அது ஜாக்கி தப்பு."

அமிர்தாஞ்சன் காலம், விக்ஸ் காலம், நொச்சி இலை ஆவிக் காலம் எல்லாவற்றையும் கடந்து வந்தவர். இடது நாசியில் மூச்சு ஓடினால் இடகலை, வலதில் ஓடினால் பிங்கலை என்று பார்த்துத்தான் ஆட்டோ ஏறுவார். அதெல்லாம் யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை.

ஒருவழியாக வாங்கிவிட்டால் பாவமாக இருக்கும். சோப்புப் போட்டு மூக்கைக் கழுவி, துடைத்து, கண்ணாடி முன் நின்று மணவறையில் தாலி கட்டுகிற பயபக்தியோடு ஒட்டிக்கொள்வார். மே மாதத்துச் சென்னை. நடு ராத்திரிக்குள் கரண்ட் போகும், வியர்வை வழியும், பிளாஸ்திரி தலையணைக்கு இடம் மாறியிருக்கும். காலையில் தலையணை உறை தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இத்தோடு போனால் நான் எழுதவே மாட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரே சுவர். அவர் குறட்டை எனக்குப் பாடம். ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும், சத்தமே இருக்காது, பிறகு தண்ணீரில் முங்கினவர் மேலே வருகிற மாதிரி ஒரு திணறல். அந்த இடைவெளியில் சுவரின் இந்தப் பக்கம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு இப்படித்தான் இருக்கும். அது பெரும்பாலும் தொண்டை மூடிக்கொள்வதால் வருவது. மூக்கில் எந்த சைஸ் ஒட்டினாலும் தீராது. பெட்டியிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. எல்லா எழுத்தையும் படிக்கிறவர் அதை மட்டும் படிக்கமாட்டார். பறக்கும் ரயிலில் ஒரே ஸ்டேஷன் தள்ளி பார்க் டவுன், இறங்கினால் ஜி.ஹெச். காசு கிடையாது. எத்தனை தடவை சொல்வது?

"அங்க க்யூ சார்! ஒவ்வொருத்தனும் டாக்டர்கிட்ட எவ்ளோ நேரம் பேசறான் தெரியுமா?"

போன வாரம் புதிதாக ஒன்று கண்டுபிடித்து வந்தார். ராத்திரி வாயை மூடி ஒட்டுகிற டேப்பாம். வாய் மூடினால் மூக்கு தானாக வழிக்கு வருமாம். மூக்கு அடைத்தவர் வாயையும் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்கு எங்கே போவது, அது ஆபத்து என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் வீட்டம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சும்மா ஒரு சந்தேகம். அதைப் பகல்ல ஒட்டலாமா?"