நோன்புக் கஞ்சியும் தாமிரபரணி ஜலவாதமும்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் எந்தத் தேசத்துப் பதார்த்தத்தை ருசி பார்த்தாலும், முதல் வாய் தொண்டையில் இறங்குமுன்பே, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்மூர்த் தண்ணி வராதுல்லா!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது பிரசித்தம். அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பதைப் பிரமாணமாகக் கொண்டு எழுந்த இக்கொள்கைக்கு ஜலவாதம் என்று நாமகரணம் செய்து, ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சி கடல் கடந்த இடத்தில் அது செல்லுபடியாகுமா என்று விசாரிக்கப் புகுகிறோம்.

மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்களில், பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் புதினா மல்லியும் பெரிய தேக்சாவில் குழைந்து, தேங்காய்ப்பாலோடு கூடி, அசர் தொழுகைக்குப் பின் தூக்குவாளிகளில் ஏறி வீடுகளுக்குப் புறப்படும் அக்கஞ்சியை அறியாத நெல்லைவாசி அபூர்வம். வாளியை நீட்டுகிறவர் எந்த மதத்தவர் என்று அங்கே விசாரணை கிடையாது.

சோதனைக்கு வாய்த்த ஸ்தலம், சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில், மாரியம்மன் கோயிலுக்குச் சமீபமாக, 1826இல் தமிழ் முஸ்லிம்கள் ஸ்தாபித்த ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். மஃரிப் பாங்கு ஒலித்ததும் அருந்திய கஞ்சியில், வெந்தயத்தின் இலேசான கசப்பு முதற்கொண்டு சகல லட்சணங்களும் மேலப்பாளையத்தில் உள்ளபடியே இருந்தமையால், ஜலவாதம் அந்த நிமிஷமே ஆட்டங்கண்டது.

பசி ருசி அறியாது என்பதால் நோன்பாளியின் சாட்சியம் செல்லாது என்று ஜலவாதிகள் ஆட்சேபிக்கலாம். இக்கட்டுரையாசிரியர் நோன்பாளியல்லர், மாலையில் பரோட்டா உண்டுவிட்டே போனவர். அவர் இரண்டாம் கிண்ணம் கேட்டதும் ஆராய்ச்சியின் பொருட்டே.

இனி, கைப்பக்குவம் என்பாருமுண்டு. சமைத்த கை எந்த ஊர்க் கை என்று கேட்பது விருந்தாளிக்கு அழகன்று. ஆயினும், 1946இல் உமறுப்புலவர் பெயரால் அந்நகரில் ஒரு தமிழ்ப் பள்ளியையே நிறுவுமளவுக்குக் கடையநல்லூர்க்காரர்கள் அங்கே வேரூன்றியவர்கள் என்பதையும், அவர்கள் பூர்வீகம் சிற்றாற்றுப் பிரதேசம் என்பதையும், சிற்றாறு சீவலப்பேரியருகே தாமிரபரணியில் சங்கமிக்கிறது என்பதையும் கோத்துப் பார்த்தால், அந்தத் தண்ணீரில் வளர்ந்த கை எங்கே கரண்டி பிடித்தாலும் அது தாமிரபரணியின் கிளைவாய்க்காலே என்று சாதித்துவிடலாம். எமக்கே இதில் பூரண நம்பிக்கை இல்லையெனினும், வாதத்துக்கு உதவும்.

எஞ்சுவது சிங்கப்பூர்த் தண்ணீர். அதுவோ ஒரே நதியின் நீரன்று. உள்ளூர் மழைநீர், ஜோகூர் ஆற்று நீர், உப்பு நீக்கிய கடல்நீர், கழிவிலிருந்து சுத்திகரித்து மீட்ட நீர் என நான்கு மூலங்களையுடையது. இவற்றுள் கஞ்சிக்கு அந்த ருசியைத் தந்தது எது என்று பிரித்தறிய உபாயமில்லை. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஜோகூர்த் தண்ணீருக்கான உரிமை 2061இல் முடிவடைவதால், அதன்பின் வரும் ரமலானில் அதே பள்ளிவாசலில் மீண்டும் ஒரு கிண்ணம் அருந்திப் பார்க்கும் வரை, ஜலவாதிகள் தங்கள் கட்சியை வாபஸ் வாங்க வேண்டிய நிர்ப்பந்தம் எதுவுமில்லை.