லிங்க் சார்

"பால் விலை ஏறப்போகுதாம் சார்" என்று பால்காரர் சொன்னால், பாக்கெட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னால் "லிங்க் இருக்கா?" என்று கேட்பார். மழை வரும்போல இருக்கிறது என்று நான் சொன்னபோதும் கேட்டார். வானத்தைக் காட்டினேன். "அது உங்க அபிப்பிராயம்" என்று சொல்லிவிட்டுக் குடை எடுக்காமல் கிளம்பி, நனைந்துகொண்டே திரும்பி வந்தார். அதனால் குரோம்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க அவருக்கு 'லிங்க் சார்' என்றே பெயர். அவர் சொந்தப் பெயர் கேஸ் சிலிண்டர் போடுகிற பையனுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலையில் இருந்த காலத்தில் அவர் தணிக்கைத் துறை. ஊர் ஊராகப் போய் அடுத்த அலுவலகங்களின் வவுச்சரைப் புரட்டி, இரண்டு ரூபாய் நாற்பது காசு எங்கே போனது என்று கேட்கிற உத்தியோகம். காலமெல்லாம் பிறர் கணக்கில் பிழை கண்டவரை ஒரு சாயங்காலம் சால்வை போர்த்தி, கையில் ஒரு குத்துவிளக்கையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழக்கதோஷத்தில் வீட்டுச் செலவின் மீது ஒரு தணிக்கைத் தடை எழுப்பிப் பார்த்தார். "அப்ப நாளையிலேருந்து காய்கறி நீங்களே வாங்கிட்டு வாங்க" என்று அவர் மனைவி அன்றே தடையை நிவர்த்தி செய்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து மகன் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தான். நாடு முழுக்க ஆட்கள் இருபத்துநான்கு மணி நேரமும் தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தணிக்கை செய்யத்தான் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது.

அரசியல், சட்டம், டெக்னாலஜி. இந்த மூன்றுக்குத்தான் ஆஜராவார். சினிமா, கிரிக்கெட் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். "அதெல்லாம் ரசனை சார். ரசனைக்கு ஆவணம் கிடையாது."

எழுத்து மட்டும் பழைய ஆபீஸ் எழுத்துதான். முன்பின் தெரியாத ஒருவனுக்கு இப்படி எழுதுவார்: "பார்வை: தங்களது இன்று காலை 6.12 மணிப் பதிவு. பார்வையில் காணும் பதிவின்பால் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது. அதன் பத்தி இரண்டில் தெரிவிக்கப்பட்டுள்ள விவரம் கீழ்க்காணும் காரணங்களால் ஏற்கத்தக்கதல்ல." கீழே காரணங்கள் அ, ஆ, இ என்று வரிசையாக இறங்கும். எதிராளி "போடா பூமர்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வான். இவர் அசரமாட்டார். அடுத்த பதில் இப்படித் தொடங்கும்: "பார்வை: 1. தங்களது 6.12 மணிப் பதிவு. 2. தங்களது 'போடா பூமர்'."

எதிராளிகள் பலர் வந்து போனார்கள். சிலர் பிளாக் செய்துவிட்டு ஓடினார்கள், சிலருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நிலைத்து நின்றவர் ஒருவர்தான். சூரியகாந்திப் பூவை முகப்புப் படமாக வைத்திருப்பவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. ஆனால் காலை ஆறுக்கு எழுவார், செவ்வாய்க்கிழமை வரமாட்டார், 'ர', 'ற' குழம்பும், ஒற்று எங்கேயும் போடமாட்டார் என்பதெல்லாம் லிங்க் சாருக்கு அத்துப்படி. சொந்த மகன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்று கேட்டால் மனைவி முகத்தைப் பார்ப்பார்.

இருவருக்கும் மூண்ட முதல் பெரிய யுத்தம் 420 பற்றியது. யாரோ ஒரு அரசியல்வாதியைப் பற்றி, "இவன் மேல 420 போட்டு உள்ள தள்ளனும்" என்று சூரியகாந்தி எழுதியிருந்தார். லிங்க் சார் பாய்ந்தார். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதில் ஏமாற்றுவதற்குப் பிரிவு 318(4). சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுகள்தான், 420 என்ற நம்பரே கிடையாது. தாங்கள் கோருவது இல்லாத பிரிவு. அதோடு விட்டிருக்கலாம். கொலைக்கு 103, நம் சினிமா வில்லன்கள் இத்தனை வருஷம் சொல்லிவந்த 302க்குப் புதுச் சட்டத்தில் போனால் அடுத்தவர் மத உணர்வு புண்படும்படி பேசிய குற்றத்துக்குத்தான் தண்டனை என்று கூடுதல் தகவலும் கொடுத்தார்.

சூரியகாந்தி ஒரு மணி நேரம் கழித்து வந்தார். "சார் அந்தாளு ஏமாத்துனது 2019ல. அப்ப பழய சட்டம் தானே?"

லிங்க் சார் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்றிரவு அவர் வீட்டு மொட்டைமாடியில் ரொம்ப நேரம் விளக்கு எரிந்தது. புதுச் சட்டத்தின் கடைசிப் பிரிவான 358ஐப் படித்துக்கொண்டிருந்தார். பழைய சட்டம் நீங்கினாலும் அதன் காலத்தில் நடந்த குற்றத்துக்கு அதுவே பொருந்தும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மறுநாள் காலை பதில் போட்டார்: "தங்கள் கருத்து பரிசீலிக்கப்பட்டது." தணிக்கைத் துறைக்காரர் ஒருவர் தோல்வியை இதற்கு மேல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை.

எனக்கு அவரிடம் பிடித்ததும் இதுதான். வீண் சண்டைக்காரர் என்று தெருவில் சொல்லுகிறார்கள். ஆனால் இந்தத் தெருவில் ஒரு சட்டத்தின் கடைசிப் பிரிவு வரைக்கும் படித்த மனிதர் அவர் ஒருவர்தான். படிக்கவைத்தது பள்ளிக்கூடமா, உத்தியோகமா? ஒரு பூ.

முகம் தெரியாதவனோடு மல்லுக்கட்டுவது ஏதோ போன் வந்த பிறகு வந்த வியாதி என்றும் சொல்கிறார்கள். பட்டினப்பாலையைப் புரட்டினால் காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் பறக்கிற கொடிகளில் ஒன்று, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதுக்கு வரச்சொல்லிக் கட்டிய கொடி. இன்றைக்கும் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கொடி குத்தி வைத்துக்கொண்டுதானே வருகிறார்கள்? கற்றறிந்த என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். மணிமேகலை இன்னும் ஒரு படி மேல். வஞ்சி மாநகரத்தில் சமயவாதிகளின் வாதத்தைக் கேட்க அவள் தன் உருவத்திலேயே போகவில்லை. மந்திரத்தால் ஒரு மாதவ முனிவனாக மாறிக்கொண்டு போகிறாள். தமிழின் முதல் ஃபேக் ஐடி என்று நான் சொன்னால் புலவர்கள் கோபிக்கக்கூடாது. அங்கே பூதவாதி, கண்ணால் காண்பது மட்டுமே பிரமாணம், அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான். அவள் சிரித்துவிட்டு, உன் தாயும் தந்தையும் இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள்.

இதை லிங்க் சாரிடம் சொன்னேன். "எந்தக் காதை?" என்றார். இருபத்தேழு என்றேன். வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொண்டார். அடுத்த தடவை சூரியகாந்தி "நேர்ல பாத்தீங்களா சார், ஆதாரம் எங்க?" என்று மடக்கியபோது மணிமேகலையின் கேள்வியை அப்படியே எடுத்து வீசினார். சூரியகாந்தி எழுதினார்: "அம்மா அப்பாவ இழுக்காதீங்க சார். மறியாதயா பேசுவோம்." விளக்கம், பொழிப்புரை, வருத்தம் என்று மூன்று பதிவு போட்டுச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

டெக்னாலஜி விஷயத்தில் அவர் பட்ட பாடு இதைவிடப் பெரிது. 2016 நவம்பரில் புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்தபோது, அதில் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று உறவினர் குழுவில் செய்தி வந்தது. நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, படமெடுத்து அனுப்பினார். "கண்ணுக்குத் தெரிஞ்சா அது நானோ சிப்பா மாப்ளே?" என்று பெரிய மச்சினர் கேட்டார். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிக்க எந்த ஆபீஸில் சான்றிதழ் வாங்குவது? 2023 மே மாதம் அந்த நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த அன்று, ஆறரை வருஷம் பத்திரப்படுத்தியிருந்த ஸ்க்ரீன்ஷாட்டை குழுவில் போட்டார். யாருக்கும் நினைவில்லை. மச்சினர் ஒரு 'காலை வணக்கம்' ரோஜாப்பூ அனுப்பினார்.

வாக்குப்பதிவு இயந்திரம் வருஷம் தவறாமல் வரும் திருவிழா. தோற்ற கட்சிக்கு இயந்திரத்தின் மீது சந்தேகம், ஜெயித்த கட்சிக்கு அறிவியலின் மீது அபார நம்பிக்கை. அடுத்த தேர்தலில் இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்துகொள்வார்கள். லிங்க் சாரிடம் இரண்டு தரப்புக்கும் தனித்தனிக் கோப்பு உண்டு. முதல்முதலாக 1982இல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் வைத்தார்கள் என்று தொடங்குவார். 1984இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது இயந்திரம் ஏமாற்றியதால் அல்ல, சட்டத்தில் அதற்கு இடம் இல்லாததால். பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள். கடைசியில் துருப்புச்சீட்டை இறக்குவார்: பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரம் உருவானதை மேற்பார்த்தவரே நம்ம எழுத்தாளர் சுஜாதா!

சூரியகாந்தி பதில்: "அவரு கத எழுதரவரு சார். கத விட்டிருப்பாரு."

அன்று லிங்க் சார் சாப்பிடவில்லை. சுஜாதாவைச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

நடுநடுவே மிரட்டல்காரர்களும் வருவார்கள். "66ஏ-ல கேஸ் போட்டா கம்பி எண்ணணும்" என்பார்கள். லிங்க் சாருக்கு அது அல்வா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. செத்த பிரிவில் போலீஸ்காரர்களே வருஷக்கணக்கில் வழக்குப் போட்டுவந்ததை 2021இல் கேள்விப்பட்டு நீதிமன்றமே அதிர்ந்துபோனது. "ஆகவே தங்கள் அறியாமை மன்னிக்கத்தக்கது" என்று பெருந்தன்மையோடு முடிப்பார்.

ஆளுநர் வழக்கில்தான் உடம்பே கெட்டுப்போனது. 2025 ஏப்ரல் 8, ஆளுநர் நிறுத்திவைத்த தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் பற்றிய, அவருக்குக் காலக்கெடு விதித்த தீர்ப்பு. நானூறு பக்கத்துக்கு மேல். அவர் முப்பதாவது பக்கத்தில் இருக்கும்போது ஊரெல்லாம் கருத்து சொல்லி முடித்து, காப்பி குடித்துவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விட்டது. படித்து முடித்து, "இதுவே இறுதி" என்று எழுதினார். நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது: ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. சூரியகாந்தி ஒரு வார்த்தையும் எழுதாமல் "இதுவே இறுதி" என்ற ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் போட்டார். அரசியலமைப்பின் 143ஆவது பிரிவின்படி சொல்வது கருத்துதான், தீர்ப்பாகாது என்று இவர் சமாளித்தார். "அப்ப எனக்கும் ஒரு கருத்து இருக்கு சார்" என்றார் சூரியகாந்தி. அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது.

அதற்கு நடுவில்தான் ஒரு நாள் சூரியகாந்தியின் தமிழ் திடீரென்று திருந்திவிட்டது. ஒற்றெல்லாம் ஒழுங்காக இருந்தது, 'மரியாதை' சரியாக வந்தது, "முதலாவதாக", "இருப்பினும்" என்று நடந்தது. லிங்க் சார் பதறிப்போய் என் வீட்டுக்கு வந்தார். "இது அவர் இல்ல சார். வேற யாரோ எழுதிக் குடுக்கறாங்க." பார்த்தால் சாட்ஜிபிடி. பதிலின் கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, வருஷம், தொகுதி, பக்க எண் சகிதம். லிங்க் சார் தேடினார். அந்தப் பக்கத்தில் நிலம் கையகப்படுத்திய வேறு ஏதோ வழக்கு இருந்தது. சொல்லப்பட்ட தீர்ப்பு உலகத்திலேயே இல்லை. பென்ஷன் உயர்ந்தபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பார்த்ததில்லை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீதான வழக்கில் அந்த இயந்திரம் கற்பனை செய்த ஆறு தீர்ப்புகளைத் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்டிய கதையில் தொடங்கி, ஒன்பது பத்திகளில் ஓர் ஆட்சேபணை வரைந்தார்.

சூரியகாந்தி இரண்டு நாள் வரவில்லை. லிங்க் சார் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். "ரொம்பக் கடுமையா எழுதிட்டேனோ?" மூன்றாம் நாள் தனிச் செய்தி வந்தது, பழைய எழுத்துப்பிழைகளோடு. "சார் மன்னிக்கனும். எதயும் தேடி பாத்து சொல்ரது நீங்க ஒருத்தர் தான். தம்பி வாங்குன எடத்துல பத்திரத்துல ஒரு சர்வே நம்பர் பட்டாவுல வேர நம்பர். கொஞ்சம் பாக்க முடியுமா."

பத்திரத்தின் படம் பதினான்கு பக்கம். ராத்திரி முழுக்க உட்கார்ந்தார். "என்னங்க, யாருன்னே தெரியாத ஆளுக்கா?" என்று மனைவி கேட்டதற்கு, "யாருன்னு தெரியாதுன்னு யார் சொன்னா?" என்று சீறினார். 1975 முதல் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கவும், தாலுகா ஆபீஸில் புலப்பட நகல் வாங்கவும், விற்றவர் உயிரோடு இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் எழுதி வாங்கிவிடவும் என்று அ, ஆ, இ போட்டு அனுப்பினார்.

வேலை முடிந்துவிட்டது. போன வாரம் சூரியகாந்தி எல்லோரும் பார்க்கும்படி எழுதினார்: "தம்பி எடம் பிரச்சன தீந்தது. சாருக்கு கோடி நன்றி. ஆனா ஆளுநர் விசயத்துல சார் சொல்ரது இன்னும் தப்பு தான்."

லிங்க் சார் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நன்றியை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாவது வரியைக் காட்டினார். "பாத்தீங்களா திமிர?" என்றவர், திண்ணையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பார்வை: 1" என்று அடிக்க ஆரம்பித்தார்.