ஒரு முழ விதி: திண்டுக்கல் சமையல் மேடை குறித்த ஒரு விசாரணை

சமையல் மேடையை எத்தனை அடி நீளத்துக்குப் போட்டாலும் காய் நறுக்க மிஞ்சுவது ஒரு முழந்தான். திண்டுக்கல் நாகல்நகர் ஒண்டுக்குடித்தனமானாலும் சரி, புறவழிச்சாலையோரம் எழும்பும் மூன்று படுக்கையறை வீடானாலும் சரி, விதி ஒன்றே. இதை ‘ஒரு முழ விதி’ என இக்கட்டுரை வழங்கும். முன்னோர் எவரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அது ஏட்டில் கறையான் தின்ற பகுதியில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு. கறையான் தின்ற பகுதியைச் சான்று காட்டுவது நம் ஆய்வுலகுக்குப் புதிதன்று. மறுக்க வருபவரும் அதே கறையானிடந்தான் போக வேண்டும்.

மேலைநாட்டார் இவ்விடத்தில் வழுக்கினர். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் வியன்னாக் கட்டடக்கலைஞர் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளத்தில் ஓர் அடுக்களையை வரைந்தார். சமைப்பவர் எடுத்துவைக்கும் அடிகளைக் குறைப்பது அவர் நோக்கம். அதை வரையும்வரை தாம் சமையல் பக்கமே போனதில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆய்வாளர் மரபில் இது குறையாகாது. 1940-களில் அமெரிக்க இல்லினாய் பல்கலைக்கழகத்தார் அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி மூன்றையும் கோடிட்டு இணைத்து, முக்கோணத்தின் மொத்தச் சுற்றளவு 26 அடிக்குள் அடங்க வேண்டும் என்றனர். திண்டுக்கல்லில் இம்முக்கோணத்தின் ஒரு முனை ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது. போதாக்குறைக்கு நான்காவது முனை ஒன்றும் உண்டு: குடம். தொட்டிக் குழாயில் வருவது போர் தண்ணீர், பாத்திரம் கழுவத்தான் ஆகும். உலையில் ஊற்ற வேண்டிய நல்ல தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற நாளில் குடம், அண்டா, டிரம் என எல்லாம் நிரம்பியாக வேண்டும். நிரம்பியவை எங்காவது உட்கார்ந்தாக வேண்டும். இல்லினாய் கணக்கில் குடத்துக்கு இடமில்லை.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொசைக் வழக்கொழிந்தது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. புளிக்கரைசலோ எலுமிச்சையோ சிந்தி ஊறினால் பளபளப்பு அரித்துத் தடம் விழும். கிரானைட்டுக்குப் புளி ஒரு பொருட்டன்று. குவார்ட்ஸ் என விற்கப்படுவது கல்தூளைப் பிசினில் இறுக்கிச் செய்தது. கொதிக்கும் குக்கரை அப்படியே இறக்கி வைத்தால் பிசின் கருகும். அதை அறுக்கும் தொழிலாளரின் நுரையீரலைத் தூசி தின்கிறது என்று ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதற்குத் தடையே போட்டுவிட்டது. ஆகவே கிரானைட். ஆனால் ஒரு முழத்துக்கு மேல் எந்தக் கல்லும் கண்ணில் படப்போவதில்லை என்பதால், எஞ்சிய பகுதிக்கு வெறும் சிமெண்டே போதாதா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது.

மற்ற இடத்தைப் பிடித்தது யார்? அடுப்பு, பக்கத்தில் மிக்சி, அதை ஒட்டி 2011-இல் அரசு விலையில்லாமல் தரத் தொடங்கிய கிரைண்டர் (சான்று: பால் கணக்கு நோட்டு, பின் அட்டை). எண்ணெய்த் தூக்கு, உப்பு ஜாடி, அஞ்சறைப்பெட்டி, எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டில் நிற்கும் சர்க்கரை டப்பா (மேற்படி நோட்டு, எண்ணெய்க்கறைக்கு இடப்புறம்). இட்லிக் குண்டான், பிழிந்து போட்ட கரித்துணி, மூடி தொலைந்த டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸ் தொலைந்த மூடி (நாள்காட்டியின் ஆடி மாதத் தாள், பின்பக்கம், பென்சில் குறிப்பு, எழுதியவர் மாமியாரா மருமகளா என்பதில் உரைகாரரிடையே கருத்து வேறுபாடு உண்டு, எழுத்தின் அழுத்தத்தை வைத்து மாமியாரே என்பது பெரும்பான்மை). மேடையை இன்னும் ஐந்தடி நீட்டினால் இவை நெருக்கி உட்காரா. தள்ளித் தள்ளி உட்காரும். நடுவில் விழும் சந்துகளில் வெல்ல டப்பா புகும். முழம் முழமாகவே இருக்கும்.

அருவாமணை இருக்கையில் மேடையில் காலி இடம் எதற்கு என்பார் தடை எழுப்புவோர். சின்ன வெங்காயத்தைத் தரையில் உட்கார்ந்து உரிப்பது உண்மைதான். ஆனால் உரித்த தட்டு எங்கே போய் இறங்குகிறது? அந்த ஒரு முழத்தில். சீரகச் சம்பா பிரியாணி வேகும் ஞாயிறுகளில் மிச்சம் பூஜ்யம் என்று விதியைத் திருத்திக்கொள்ளலாம், விதி பொய்க்கவில்லை. மாடுலர் கிச்சனில் எல்லாம் டிராயருக்குள் போய்விடுமே என்பது அடுத்த தடை. டிராயருக்குள் போவது விருந்தாளி வந்தால் எடுக்கும் சாமான். தினமும் கை படுவது மேடையை விட்டு நகராது. வாஸ்து நூலார் அடுப்பைத் தென்கிழக்கில் வை, கிழக்கே பார்த்துச் சமை என்பதோடு நிறுத்திக்கொண்டனர். குழம்பைக் கிண்டிய கரண்டியை எந்தத் திசையில் வைப்பது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இவ்விதி குறித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கம் கூட்டலாம் என்பது பரிந்துரை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஜூமில் தலை காட்டினால் பன்னாட்டுத் தகுதி வந்துவிடும். மதியப் பிரியாணிக்கு முன்பே சான்றிதழ் கொடுத்துவிட்டால் பிற்பகல் அமர்வில் நாற்காலிகள் மட்டும் இருக்கும் என்பதால், சான்றிதழைப் பிரியாணிக்குப் பின் தருவது நலம். மாவு அரைத்து முடித்ததும் கழுவிய குழவியை எங்கே வைப்பது என்பது தனி ஆய்வுக்குரியது, நிதிக்கு விண்ணப்பித்தாயிற்று.