ஓவராயில்

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் வண்டியை அக்கக்காகக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்கு ‘ஓவராயில்’ என்று பெயர். ஓவர்ஹால்தான் வாயில் புரண்டு அப்படி ஆனது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அதுவரை எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றுவதுதான் அந்த வேலை என்று நம்பி, ஊற்றியும் வந்தேன்.

விவரம் தெரிந்ததும் கழுவ ஆரம்பித்தேன். அது அதைவிட மோசம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். செயினைக் கழற்றிப் பெயிண்ட் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டேன். மிச்சத்தை ஃப்ரீவீலுக்குள் ஊற்றினேன். பிறகு சோப்புத் தூள், பழைய டூத்பிரஷ். பக்கத்தில் மனைவி புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கொஞ்சம் புளி கேட்டு வாங்கினேன்.

“ஏங்க, புதுச் செயினா?” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

சந்தனம், குங்குமம், பொரிகடலை எல்லாம் ஆயிற்று. மறுநாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். ‘கீச்’ என்ற சத்தத்தில் தெருநாய்கள் எழுந்து நின்றன. திருப்பத்தில் பெடல் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. உருட்டிக்கொண்டே கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி செயினை மோந்து பார்த்தார். “என்ன சார், புளி வாசம்லா அடிக்கி. ரசம் வைக்கவா?”

1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய செயின்தான் இன்றைக்கும் நம் சைக்கிளில் ஓடுவது. கண்ணிக்குக் கண்ணி ஒரு பின், அதைச் சுற்றிப் புஷ், அதற்கும் மேலே உருளை. எண்ணெய் வேண்டியது இவற்றின் இடுக்கில். நான் கழுவிக் களைந்தது அந்த எண்ணெயைத்தான். ஃப்ரீவீலிலோ வெளியழுக்கை உள்ளே அனுப்பி, துருவையும் துணைக்கு வைத்து, பல்லைப் பிடிக்கும் குட்டி இரும்புகளை ஒட்ட வைத்திருந்தேன்.

அண்ணாச்சி உருளைக்கு ஒரு சொட்டு விட்டார். பெடலைப் பின்னால் சுற்றினார். உடனே பனியன் துணியால் துடைத்தும் விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. வெளியே மிஞ்சும் எண்ணெய் புழுதிக்கு வெற்றிலைபாக்கு வைக்கிற மாதிரியாம்.

அப்புறம் ஸ்கேலை வைத்தார். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயின் முடிந்தது. என்னுடையது அதையும் தாண்டியிருந்தது.

“தூரப் போடுததையா சார் இப்படிக் குளிப்பாட்டுனீங்க?”

புதுச் செயின் மாட்டினார். தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது.

“அண்ணாச்சி, இந்தப் பிசுக்கை மட்டும் லேசா மண்ணெண்ணெயில...”

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “சார், வீட்ல ஸ்பேனர் வச்சிருக்கீகளா?”

“இருக்கே.”

“சாயங்காலம் கொண்டாந்து இங்க குடுத்துருங்க.”