ஏகாந்தப் பிரியர்

மதுரை மாநகரின் நான்கு மாசி வீதிகளுக்குள் குடியிருக்கும் கிருகஸ்தர்களில், கோடைக்கு ஒரு முறையேனும் சந்தடியற்ற ஓர் ஊருக்குப் போய் நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொள்ளாதவர் அபூர்வம்; ஆயினும் அந்தச் சங்கற்பத்தையே முழுநேர உத்தியோகமாக ஏற்றுக்கொண்டு, பங்குனி வெயில் தலைகாட்டியது முதல் பள்ளிக்கூடம் திறக்கும் வரையில் ஸ்தலத் தேர்விலேயே காலக்ஷேபம் செய்பவர் ஒரு தனி ரகம். அவருக்கு ஏகாந்தப் பிரியர் என்று நாமகரணம் செய்துவிடுவோம்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். காபிக் கடை வாசலில் எவருடைய குரல் தெருமுனை வரை கேட்கிறதோ, அவர்தாம். "அண்ணே, நமக்கு ஆடம்பரம் எதுவும் வேணாம், ஒரு மரம், கொஞ்சம் தண்ணி, காதுக்கு ஓய்வு, அவ்வளவுதான்" என்று தொடங்குவார். கேட்பவரும் மனம் இளகி, தவசிக்கு உபகாரம் செய்யும் பக்தியோடு, தமக்குத் தெரிந்த ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லிவிடுவார். நிபந்தனைகள் அதற்குப் பிறகே ஒவ்வொன்றாக வெளிவரும். செல்போனுக்கு டவர் கிடைக்க வேண்டும், கரண்ட் போகக்கூடாது, விடியற்காலையில் பில்டர் காபி வேண்டும், அத்தைக்கு மூச்சு முட்டினால் அரை மணிக்குள் டாக்டர் வேண்டும், இரவு பதினொரு மணிக்குப் பசியெடுத்தால் சூடாகப் பரோட்டாவும் வேண்டும். மதுரையிலிருந்து மதுரைக்காரர்களை மட்டும் கழித்துவிட்டால் மிஞ்சுவது எதுவோ, அதுவே அவர் தேடும் குக்கிராமம்.

இடத்துக்குப் பஞ்சமா என்ன? 21 கிலோமீட்டரில் அழகர்கோயில் இருக்கிறது. மலையும் சோலையும் நூபுர கங்கையும் உண்டு. "குரங்குத் தொல்லை" என்று அதைத் தள்ளிவிடுவார். அத்தனை ரம்மியமான மலையில் வாசம் செய்யும் அழகரே, சித்திரை பிறந்தால் அங்கே இருப்புக்கொள்ளாமல், கள்ளர் கோலம் பூண்டு, லக்ஷக்கணக்கான ஜனங்கள் நெருக்கியடிக்கும் வைகைக்கு அல்லவா வந்து இறங்குகிறார் என்று சாக்ஷிக்குத் தெய்வத்தையும் இழுப்பார். அதற்கு நம்மால் பதில் சொல்ல முடிவதில்லை. குருவித்துறை ஆற்றங்கரைக்குக் குருப்பெயர்ச்சிக் கூட்டம் தடை. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள் தடை.

சிறுமலை என்றதும் ஒரு சரித்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. மதுரையில் ஊழியம் செய்ய வந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெயிலையும் வியாதியையும் தாங்கமாட்டாமல், முதலில் சிறுமலையைத்தான் பரீக்ஷித்துப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் விடாமல் துரத்தவே, பழனி மலையில் ஏறி, 1845-ல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். கோடைக்கானல் தோன்றிய கதை அது. உயிர் பிழைக்க வேண்டி அவர்கள் தேடிக்கொண்ட அந்த இடத்துக்கு, 2024 மே மாதம் முதல், ஹைகோர்ட்டு உத்தரவின்படி, நாம் இ-பாஸ் வாங்கிக்கொண்டு போகிறோம். ஏகாந்தப் பிரியரோ இந்த வரலாற்றின் முற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, வெள்ளைக்காரனே மொதல்ல தப்பான மலையில போய் மாட்டிக்கிட்டான், நாம அவசரப்படலாமா?" என்று மேலும் ஒரு மாதம் தவணை வாங்கிவிடுவார்.

ஒரு முறை நானே அரிட்டாபட்டியைச் சிபாரிசு செய்தேன். 2022-ல் அரசாங்கம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். ஏழு குன்றுகள், சுனைகள், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். "250 வகையா!" என்று அவர் திடுக்கிட்டார். "அத்தனையும் காலங்காத்தால அஞ்சு மணிக்கு வாயத் திறந்தா மனுஷன் எப்படித் தூங்குறது?" அங்கே சமணர் கற்படுக்கை இருப்பதைச் சொன்னேன், மெத்தை உண்டா என்று விசாரித்தார். உண்மையில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அரிட்டாபட்டியிலும் மாங்குளத்திலும் அழகர்மலையிலும் குகை தேடிக்கொண்ட அந்தத் துறவியரைப்போல ஸ்தலத் தேர்வில் கைதேர்ந்தவர் இந்தப் பிரதேசத்தில் பிறகு எவரும் இல்லை என்பது என் அபிப்பிராயம். பிக்ஷைக்கு ஊர் எட்ட வேண்டும், ஊரின் இரைச்சல் எட்டக்கூடாது. இரண்டு நிபந்தனைகளோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

இருந்தும், அதிசயமாகச் சில வருஷங்களில் அவர் புறப்பட்டுவிடுவதும் உண்டு. அப்படி ஒரு வருஷம், சோழவந்தானுக்கு அக்கரையில், தென்கரைப் பக்கத்தில், உறவினர் ஒருவரின் தென்னந்தோப்பு முடிவாயிற்று. பம்புசெட், வாய்க்கால், கொஞ்ச தூரத்தில் வெற்றிலைக் கொடிக்கால். ஆள் நடமாட்டம் என்று சொல்ல வயோதிகக் காவல்காரர் ஒருவரே. இந்த ரகசியத்தை ஏகாந்தப் பிரியர் தெருவில் சந்தித்தவர் அனைவரிடமும், "வெளியில சொல்லிடாதீங்க" என்ற எச்சரிக்கையுடன், தனித்தனியே தெரிவித்திருந்தபடியால், புறப்படும் நாளில் இரண்டு வேன்கள் போதவில்லை. மைத்துனர் பாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். தோப்பில் இறங்கியதும் நம்மவர் டவர் கிடைக்கும் வரப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து ஏறி நின்று, மதுரையில் எஞ்சியிருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "என்ன அமைதி! என்ன அமைதி!" என்று அக்கரைக்கும் கேட்கும்படி வர்ணித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையுடன் காவல்காரர் அவரிடம் வந்தார். "ஐயா, நீங்கள்லாம் இருக்கீகல்ல, ரெண்டு நாளைக்குத் தோப்பப் பாத்துக்கங்க. மதுரைச் செல்லூர்ல மக வீட்டுப் பக்கம் தறிச் சத்தம் மட்டுந்தான். நான் அங்க போய்க் கொஞ்சம் படுத்துத் தூங்கிட்டு வந்துர்றேன்."