அத்தை ஏறும் கதவு

பழைய கார் பிரியர்களிடம் இரண்டு கதவு வண்டிக்குத்தான் மாலை மரியாதை. நாலு கதவு என்றால், “டாக்ஸியா ஓட்டப் போறீங்க?” என்பார்கள். இவர்கள் யாராவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன் சீட்டை மடக்கிவிட்டு, மடிசார் கட்டிய அத்தையைப் பின்னால் ஏற்றிப் பார்த்திருக்கிறார்களா? ஏற்றுவதுகூடப் பரவாயில்லை, இறக்குவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் பிறந்த ஹெரால்டுக்கு அங்கே கடைசிவரை நாலு கதவு வாய்க்கவில்லை. சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனிதான் 1960களின் இறுதியில் இன்னும் இரண்டு கதவு வைத்துக் கொடுத்தது. அத்தைமார்களின் நெருக்குதல் இல்லாமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

குடும்பஸ்தனுக்கு அம்பாசிடரே கதி. 2014 வரை உத்தர்பாராவில் செய்தார்கள், ஆகவே பாகத்துக்கு அலைய வேண்டாம். பழைய மாடலில் கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும், முன்பக்கமும் பெஞ்ச் சீட். நடுவில் ஒரு பையனைச் செருகலாம். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று முகத்தில் அறையும், அதுதான் ஏசி. மைலேஜ் கேட்பது அநாகரிகம்.

வெள்ளை நிறம் மட்டும் வேண்டாம். கலெக்டர் என்று நினைத்து வழியெல்லாம் மனு நீட்டுவார்கள்.