காந்தியும் ஆர்.என்.ஓ.ஆரும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளைத் தென்னாப்பிரிக்காவில் கழித்த காந்தி, லண்டன் வழியாக 1915 ஜனவரி 9 அன்று பம்பாயில் வந்து இறங்கினார். அந்தத் தேதியைத்தான் 2003 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் தினமாக அரசு கொண்டாடுகிறது. ஆனால் அதே அரசின் இன்றைய வருமான வரி விதியை அவர் மேல் ஏற்றிப் பார்த்தால், அன்று அவர் திரும்பி வந்ததாகவே சொல்ல முடியாது. ஜனவரி 9 முதல் மார்ச் 31 வரை மொத்தம் 82 நாள். உள்நாட்டுவாசி ஆவதற்கு ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அல்லது 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இருந்திருக்க வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் காந்தி இந்தியப் பக்கமே வரவில்லை. ஆகவே 1914-15க்கு அவர் என்.ஆர்.ஐ. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஆர்.என்.ஓ.ஆர்.; அதாவது ஊரில்தான் இருக்கிறார், ஆனால் முழுசாக இல்லை. முழு உள்ளூர்க்காரர் ஆவது 1917 ஏப்ரல் 1 அன்று. அதே மாதம் சம்பாரணுக்குப் போய் அரசை எதிர்க்கத் தொடங்கிவிட்டார். முழு உள்ளூர்க்காரர்கள் நிரப்ப வேண்டிய வெளிநாட்டுச் சொத்து அட்டவணையைப் பார்த்த எவருக்கும் இதில் வியப்பு இருக்காது.

அமெரிக்காவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வருகிறவர் விமானத்தில் ஒரே ஒரு முறைதான் திரும்புகிறார். சட்டத்தின் கணக்கில் அவர் மூன்று தடவை திரும்ப வேண்டும். வருமான வரிச் சட்டம் நாளை எண்ணும். வந்திறங்கிய நாளையும் சேர்த்தால், அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை சாதாரண ஆண்டில் சரியாக 182 நாள். அக்டோபர் 2 அன்று இறங்கினால் 181. ஒரே ஒரு நாளில் ஆள் மாறிவிடுகிறார். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவுக்கு எண்ணுவதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அது மனதைப் பார்க்கிறது. வேலைக்கோ தொழிலுக்கோ, இனி இங்கேதான் என்ற எண்ணத்துடனோ வந்துவிட்டால், அப்போதே நீங்கள் இந்தியவாசி. அமெரிக்காவோ எடுத்த எடுப்பில் நாளையும் எண்ணாது, மனதையும் பார்க்காது. குடியுரிமையோ க்ரீன் கார்டோ இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கும். இருந்தால், மயிலாப்பூரில் சம்பாதித்தாலும் மன்னார்குடியில் சம்பாதித்தாலும் கணக்குக் காட்டியாக வேண்டும். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றையும் ஒரே மனிதரிடம் கேட்கும்போதுதான் விபரீதம். ஊர் திரும்பியவரை வாட்டுவது வரியின் அளவு அல்ல, இந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததுதான் என்பது என் கட்சி.

இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரி இல்லை. ஆனால் ஃபெமாவின் பார்வையில் ஊர் திரும்பியதும் அதைச் சாதாரணக் கணக்காகவோ, டாலரை டாலராகவே வைத்திருக்க உதவும் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்றிவிட வேண்டும். வருமான வரி அலுவலகம் அப்போதும் அவரை என்.ஆர்.ஐ. என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்க வரியாண்டு ஜனவரியில் தொடங்கும், நம்முடையது ஏப்ரலில். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதாது. நம் ரிட்டர்னுக்குள்ளேயே இருக்கும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை டிசம்பர் 31 வரைக்குமான கணக்கைக் கேட்கிறது. நாட்டுப்பற்று மேலிட்டு இங்கே மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. போட்டால், அமெரிக்க வரித்துறை அதைச் சந்தேகத்துக்குரிய அயல்நாட்டு நிறுவனமாகக் கருதி, பொதுவாக ஃபண்டுக்கு ஒன்றாக 8621 என்ற படிவத்தை நீட்டுகிறது. பத்து ஃபண்டில் பணத்தைப் பிரித்துப் போடும் விவேகிக்குப் பத்துப் படிவம் பரிசு.

“இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதே?” என்று கேட்பார்கள். இருக்கிறது, 1989இலேயே இரு நாடுகளும் கையெழுத்திட்டுவிட்டன. அது தடுப்பது இரண்டு முறை கட்டுவதை. இரண்டு முறை எழுதுவதை அல்ல. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளவே தனியாக ஒரு படிவம் வேண்டும். அமெரிக்கக் குடிமகன் தன் வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை 10,000 டாலரைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும். அதில் ஒரு பைசா வரியும் கிடையாது, தெரிவிப்பது மட்டும்தான். ஒப்பந்தம் எட்டிப்பார்க்காத இடமும் ஒன்று உண்டு. இறந்தவர் சொத்துக்கான வரியை இந்தியா 1985இல் கைவிட்டது, அமெரிக்கா விடவில்லை. க்ரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தாம்பரத்தில் காலமானவரின் அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால், மிஞ்சிய தொகைக்கு 40 சதவீதம் வரை வரி போகலாம். உடல் இங்கே தகனமானாலும் பங்குகள் அங்கேதான்.

“ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்” என்பது அடுத்த வாதம். மாம்பலத்து ஆடிட்டருக்கு ஆர்.என்.ஓ.ஆர். அத்துப்படி, 8621 தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நியூஜெர்சி சி.பி.ஏ.வுக்கு நேர்மாறு. இருவருமே திறமைசாலிகள், இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவர்கள். “யாருக்குத் தெரியப்போகிறது?” என்கிறவர்களுக்குப் பதில், இரு நாடுகளும் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ள 2015இல் ஒப்பந்தம் போட்டுவிட்டன என்பதுதான். இது பணக்காரர்களின் தலைவலி என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அம்மாவின் வங்கிக் கணக்கில் ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்று பெயர் சேர்த்துக்கொண்ட, அமெரிக்கக் குடியுரிமையுள்ள மகளுக்கும் அந்த 10,000 டாலர் கணக்கில் அதுவும் சேரும். பென்ஷன் வாங்கும் அம்மாவுக்குத் தன் பாஸ்புக் கடல் தாண்டிப் போவது தெரியாது.

ஆகவே தீர்வு கெட்டிக்காரத்தனத்தில் இல்லை, எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் இருக்கிறது. ஆர்.என்.ஓ.ஆராக இருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில், வெளிநாட்டில் கிடைத்து அங்கேயே வரவான வட்டிக்கும் லாபத்துக்கும் பொதுவாக இங்கே வரி இல்லை. விற்க வேண்டியதை விற்கவும், சில்லறைக் கணக்குகளை மூடவும் சட்டமே தரும் அவகாசம் அது. பரவலாகப் போட்டு வைத்தால்தானே பாதுகாப்பு என்று முதலீட்டு ஆலோசகர் தடுப்பார். சந்தை விழும் ஆபத்துக்கு அது சரி. படிவம் மறக்கும் ஆபத்து பரவலோடு சேர்ந்து வளரும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கும் குடும்பம், விமான டிக்கெட்டுக்கும் நிதியாண்டைப் பார்த்து நாள் குறிப்பது நல்லது. ராகுகாலத்தில் வீடு புகுந்தால் பரிகாரம் செய்துகொள்ளலாம், செலவும் அதிகம் ஆகாது. வெளிநாட்டுச் சொத்தை அட்டவணையில் எழுத மறந்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் பரிகாரத் தொகை 10 லட்சம் ரூபாய் வரை போகும், பிரசாதமும் கிடையாது.